இடுப்பு மூட்டு யாருக்குச் சீக்கிரம் தேய்கிறது? எலும்பின் வடிவத்தில் இருக்கும் பதில்

மூட்டு தேய்ந்துவிட்டது என்றால் "வயசாச்சு, வெயிட்டும் கூடிப்போச்சு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். முழங்காலுக்கு அது ஓரளவு சரி. இடுப்பு மூட்டுக்கு அந்த விளக்கம் போதாது. உடல் எடைக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் இருக்கிற அளவு நெருக்கம், எடைக்கும் இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கும் கிடையாது. ஐம்பது வயதுக்குள் இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களின் எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் பந்திலோ கிண்ணத்திலோ பல வருடம் முன்பே ஒரு வடிவக் குறை இருந்திருக்கும். தேய்மானம் அதன் மேல் வந்தது.

இதை குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குலசேகரம், களியக்காவிளை பக்கத்து ஆட்களையும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரையில் இருக்கும் நம் ஆட்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கடற்கரையில் விடிந்தால் பந்து உதைக்கும் பிள்ளைகள், மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுபவர்கள், பிறந்த பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் பாட்டிமார் என்று இந்த மூன்று கூட்டத்துக்கும் இடுப்பு மூட்டின் வடிவத்தோடு நேரடித் தொடர்பு உண்டு.

முதலில் மூட்டின் அமைப்பு. தொடை எலும்பின் உச்சியில் பந்து. இடுப்பெலும்பில் அதற்கான கிண்ணம். இரண்டின் மேலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனத்தில் வழவழப்பான குருத்தெலும்பு. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்வளையம் ஓடுகிறது. அது மூட்டுநீரை உள்ளே அடைத்து வைக்கிறது, பந்தைப் பிடித்தும் வைக்கிறது. சாதாரணமாக நடக்கும்போது ஒரு காலில் நிற்கும் நொடியில் மூட்டின் மேல் விழும் விசை உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ. எடையோடு இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் இழுக்கும் இழுப்பும் சேர்வதால்தான் இவ்வளவு. இந்த 150 கிலோ கிண்ணத்தின் முழுப் பரப்பிலும் பரவி விழுந்தால் குருத்தெலும்பு எழுபது எண்பது வருடம் தாங்கும். ஒரு ஓரத்தில் குவிந்தால் தாங்காது.

வடிவக் குறைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கேம் (cam) வடிவம். பந்தும் அதற்குக் கீழே எலும்பு ஒடுங்கும் கழுத்துப் பகுதியும் சேரும் இடத்தில் உட்குழிவு இருக்க வேண்டும். அங்கே குழிவுக்குப் பதில் எலும்பு புடைத்திருப்பதுதான் கேம். நேராக நிற்கும்போது அந்தப் புடைப்பு கிண்ணத்துக்கு வெளியே இருப்பதால் தொல்லை இல்லை. தொடையை மடக்கி உட்பக்கம் திருப்பும்போது அது கிண்ணத்துக்குள் நுழைகிறது. உருண்டையில்லாத ஒன்று உருண்டையான குழிக்குள் நுழையும்போது விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நீர் ஊறிய சுவரில் சுண்ணாம்புப் பூச்சு ஓரத்திலிருந்து உப்பிப் பெயர்வது போல, குருத்தெலும்பு அடியெலும்பை விட்டுக் கழன்று வருகிறது. மேலே பார்க்க முழுசாக இருக்கும், அடியில் பிடிப்பு போயிருக்கும். ஆண்களிடம் இது அதிகம்.

எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் துப்பாக்கிப் பிடி போல வளைந்திருப்பதை 1975-லேயே கவனித்து எழுதினார்கள். வடிவம், உரசல், தேய்மானம் மூன்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்துக் காட்டியது 2003-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ரெயின்ஹோல்ட் கான்ஸும் அவர் கூட்டாளிகளும்.

இரண்டாவது டிஸ்பிளேசியா. கிண்ணம் ஆழமில்லாமல், பந்தின் மேல்பகுதியைப் போதுமான அளவு மூடாமல் இருப்பது. பெண்களிடம் அதிகம். இங்கே இடிப்பு இல்லை, இடம் போதாமைதான் பிரச்சினை. அதே 150 கிலோ சின்னப் பரப்பில், அதுவும் விளிம்போரமாக விழுகிறது. எலும்பு தாங்க வேண்டியதை லேப்ரம் தாங்கித் தாங்கித் தடித்து, கடைசியில் கிழிகிறது. இந்த வகை மூட்டு உள்ளவர்கள் பலர் சின்ன வயதில் நன்றாக வளைவார்கள். காலை அகட்டி உட்காரும் ஆசனமெல்லாம் சுலபமாக வரும். அந்தச் சுலபத்தை நம்பி மூட்டின் எல்லை வரை இழுத்துப் பயிற்சி செய்வது இவர்களுக்கு நல்லதல்ல. யோகா சொல்லிக் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்சர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. கிண்ணம் பந்தைத் தேவைக்கு மேல் மூடியிருப்பது. லேப்ரம் நசுங்கி வலி தரலாம். தேய்மானத்தோடு அதன் தொடர்பு பலமாக நிறுவப்படவில்லை. ரிப்போர்ட்டில் இந்தச் சொல்லைப் பார்த்தவுடன் கலங்க வேண்டாம்.

கேமுக்கும் தேய்மானத்துக்கும் உள்ள தொடர்பை நன்றாக அளந்து காட்டியது நெதர்லாந்தின் செக் (CHECK) என்ற ஆய்வு. இடுப்பிலோ முழங்காலிலோ வலி தொடங்கியிருந்த, 45 முதல் 65 வயதுக்குட்பட்ட 1002 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 2013-ல் வெளிவந்த முடிவின்படி, புடைப்பின் அளவைக் காட்டும் ஆல்ஃபா கோணம் 60 டிகிரிக்கு மேல் இருந்த மூட்டுகள் 5 ஆண்டுக்குள் முற்றிய தேய்மானத்துக்குப் போகும் வாய்ப்பு மற்றவற்றைப் போல் சுமார் 3.7 மடங்கு. 83 டிகிரிக்கு மேல் இருந்தால் சுமார் 9.7 மடங்கு. அந்தப் பெரிய புடைப்போடு, மூட்டு உட்பக்கம் திரும்புவதும் 20 டிகிரியோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மூட்டு முற்றாகத் தேய்ந்தது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். எல்லாவற்றிலும் மோசமான கூட்டத்தில்கூட மற்றப் பாதிப்பேருக்கு அந்த 5 ஆண்டில் அப்படி ஆகவில்லை. வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் திரட்டியபோது, அவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கேம் வடிவம் இருந்தது. விளையாட்டு வீரர்களிடம் பாதிக்கும் மேல். ஆகவே வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கேம் என்று வந்துவிட்டது என்பதற்காக யாரும் ஆபரேஷனுக்கு ஓடத் தேவையில்லை. வலி, திரும்பும் அளவு, படம் மூன்றும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

பிறந்த பிள்ளையின் இடுப்பு

கிண்ணம் ஆழமாவது பந்து அதற்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால்தான். பந்து நடுவில் இருந்து அழுத்தும்போது கிண்ணம் அதைச் சுற்றி வளர்கிறது. இது வேகமாக நடப்பது பிறந்து முதல் சில மாதங்களில். அதனால் டிஸ்பிளேசியாவைப் பிடிக்கவும் சரிசெய்யவும் அதைவிட நல்ல காலம் வேறு கிடையாது.

ஆபத்து கூடுதலாக உள்ள பிள்ளைகள் யார் என்பது தெரிந்ததுதான்: வயிற்றில் தலை மேலாக, பிட்டம் கீழாக இருந்த பிள்ளை, பெண் பிள்ளை, முதல் பிள்ளை, தாய் தகப்பனுக்கோ உடன்பிறந்தவருக்கோ இடுப்புக் குறை இருந்த பிள்ளை. இடது பக்கத்தில் அதிகம் வருகிறது. பிறந்ததும் குழந்தை மருத்துவர் தொடையை மடக்கி விரித்து, பந்து விலகுகிறதா என்று பார்க்கும் ஒர்ட்டலானி, பார்லோ சோதனைகள் செய்வார். செய்தாரா என்று கேட்பதில் தவறில்லை. பிட்டம் கீழாக இருந்த பிள்ளைக்கும் குடும்பத்தில் குறை உள்ள பிள்ளைக்கும், சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், 6 வார வாக்கில் இடுப்பு அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். அந்த வயதில் பந்து முழுக்கக் குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் விழாது. 4 முதல் 6 மாதத்துக்குப் பிறகுதான் எக்ஸ்ரே பயன்படும்.

வீட்டில் பார்க்கக்கூடியது ஒன்று. 3 மாதம் கழிந்த பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, முழங்காலை மடக்கித் தொடைகளை மெதுவாக விரித்தால் இரண்டும் ஒரே அளவு விரிய வேண்டும். டயப்பர் மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் இறுகி நின்றாலும், பாதங்களைச் சேர்த்து வைத்து முழங்காலை மடக்கினால் ஒரு முட்டு தாழ்ந்து தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தொடை மடிப்புகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாதது மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

இப்போது குளிப்பாட்டும் விஷயம். எண்ணெய் தேய்த்து, காலில் கிடத்தி, வெந்நீர் ஊற்றுவதில் எந்தக் கெடுதலும் இல்லை. பிள்ளையின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து நீட்டி இழுத்து விடுவதுதான் கூடாது. பிறந்த குழந்தையின் இடுப்பும் முட்டும் இயல்பாகவே மடங்கி இருக்கும், சில மாதங்களில் தானாக நீளும். பலவந்தமாக நேராக்கும்போது, தளர்ந்த பந்து கிண்ணத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. கால் வளைந்துபோகும் என்ற பயத்தில் செய்கிற இந்தக் காரியத்தால் கால் நேராவதும் இல்லை. துணியில் சுற்றும்போதும் நெஞ்சுப் பகுதியை மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுற்றிக்கொள்ளலாம், இடுப்புக்குக் கீழே தளர்த்தி, பிள்ளை காலை மடக்கி விரித்து உதைக்க இடம் விடவேண்டும். ஜப்பானில் பிறந்த பிள்ளையின் காலை நீட்டி வைப்பதைத் தவிர்க்கச் சொல்லி 1970-களில் நாடு முழுக்கப் பிரச்சாரம் செய்தார்கள். இடுப்பு விலகிய பிள்ளைகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகு பெருமளவு இறங்கியது. வயதானவர்களின் இடுப்புத் தேய்மானத்துக்கு அந்த நாட்டில் முதல் காரணமே டிஸ்பிளேசியாதான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கழுத்து நின்ற பிள்ளையை நம் பெண்கள் ஒக்கலில் வைத்து நடக்கிறார்களே, அது மூட்டுக்கு மிக நல்ல இருப்பு. தொடை விரிந்து, முட்டு மடங்கி, பந்து கிண்ணத்தின் நடுவில் அழுந்துகிறது. கடையில் பிள்ளை தூக்கும் பை வாங்கினால், துணி பிள்ளையின் ஒரு முட்டுக்குழியிலிருந்து மறு முட்டுக்குழி வரை தாங்குகிறதா என்று பாருங்கள். கவட்டையில் மட்டும் தாங்கி, கால் இரண்டும் கீழே தொங்குகிற பை வேண்டாம்.

மூட்டு விலகல் தெரிந்தால் 6 மாதத்துக்குள், தொடையை மடக்கி விரித்து வைக்கும் பாவ்லிக் வார்பட்டை போடுவார்கள். நாள் முழுக்க, பொதுவாக 6 முதல் 12 வாரம். பாட்டிமார் மனம் தாங்காமல் ராத்திரியில் கழற்றி வைப்பதாலும், வார் நழுவினால் வீட்டிலேயே இழுத்துக் கட்டுவதாலும் சிகிச்சை கெடுகிறது. தொடையை அளவுக்கு மீறி விரித்துக் கட்டினால் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் நிற்கக்கூடும். வாரின் நீளத்தை டாக்டர் மட்டுமே மாற்ற வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக டயப்பர் கட்டுவது இதற்கு மாற்று ஆகாது.

பன்னிரண்டு முதல் பதினாறு

கேம் புடைப்பு பிறவியில் இருப்பது அரிது. பந்தின் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் குருத்துப் பகுதி) திறந்திருக்கும் காலத்தில், ஏறக்குறைய 12 வயதிலிருந்து உருவாகத் தொடங்கி, தட்டு மூடியதும் நின்றுவிடுகிறது. கால்பந்து, ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து என்று வெட்டித் திரும்பி ஓடும் ஆட்டங்களைக் கடுமையாக ஆடிய பையன்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. டச்சு கால்பந்து வீரர்களில், 12 வயதுக்கு முன்பே வாரத்துக்கு 4 தடவையோ அதற்கு மேலோ பயிற்சி எடுத்தவர்களிடம், பிறகு தொடங்கியவர்களைவிடக் கேம் அதிகமாக இருந்தது. வளரும் எலும்பு தன் மேல் விழும் விசைக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. புடைப்பும் அந்தக் கட்டுமானம்தான்.

தூத்தூர், பொழியூர் கடற்கரைகளில் பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கு இல்லை, பிள்ளைகளுக்கு வேலைக்கும் வெளியூருக்கும் வழி. ஆகவே ஆட வேண்டாம் என்று சொல்வது நியாயமும் இல்லை, அவசியமும் இல்லை. பயிற்சியாளர்கள் செய்யக்கூடியது உண்டு. ஒரு வாரத்தில் ஒழுங்குபடுத்திய பயிற்சியும் ஆட்டமும் சேர்ந்து பிள்ளையின் வயதை மணிக்கணக்கில் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. 12 வயதுக்கு 12 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. வருடம் முழுக்க ஒரே ஆட்டம் ஆடாமல் இடையில் நீச்சலோ வேறொன்றோ. இந்தக் கணக்கு அதிகப் பளுவால் வரும் காயங்களுக்காக வந்தது. கேம் உருவாவதை இது தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. ஆனாலும் பளுதான் காரணம் என்கிறபோது, அந்த நாலு வருடத்தில் பளுவைக் கட்டுக்குள் வைப்பது புத்திசாலித்தனம்.

இதே வயதில் வரும் இன்னொன்றைத் தவறவிடவே கூடாது. 10 முதல் 16 வயதுக்குள், அதிலும் உடல் பருத்த பையன், விந்தி நடக்கிறான். கேட்டால் முழங்காலைக் காட்டுகிறான். நடக்கும்போது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. இது பந்து வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவுவதாக இருக்கலாம். முட்டுக்கு எக்ஸ்ரே எடுத்து "ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் இவர்கள்தான். இடுப்பு மூட்டிலிருந்து தொடை வழியாக முட்டுக்கு ஓடும் நரம்புகள் இந்தக் குழப்பத்தை உண்டாக்குகின்றன. மல்லாக்கக் கிடத்தி இடுப்பை மடக்கினால் தொடை நேராக மேலே வராமல் வெளிப்பக்கம் விலகிப் போவது பெரிய அடையாளம். அப்படி இருந்தால் அந்தக் காலை ஊன்ற விடாமல், அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் கொண்டுபோங்கள். நேர்ப் படத்தோடு, காலைத் தவளை போல மடக்கி விரித்து எடுக்கும் படமும் வேண்டும். ஆரம்ப நழுவல் நேர்ப் படத்தில் மறைந்துவிடும். வழக்கமான சிகிச்சை ஒரு ஸ்க்ரூ. தாமதித்தால் பந்து நழுவிய கோணத்திலேயே ஒட்டி, கேமைவிடப் பெரிய புடைப்பாக நிற்கும். 10 வயதுக்குள்ளோ ஒல்லியான பிள்ளைக்கோ வந்தால் தைராய்டும் பார்க்க வேண்டும். மறு இடுப்பும் பின்னால் நழுவலாம், தட்டு மூடும்வரை கண்காணிப்பு அவசியம்.

இந்த மாதிரிப் பிள்ளையை எக்ஸ்ரேக்கு முன்பு உழிச்சிலுக்கோ தடவலுக்கோ கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வர்ம வைத்தியத்துக்குப் பேர்போன மாவட்டம் இது. தசைப்பிடிப்புக்கு அந்தக் கைகளால் கிடைக்கும் சுகம் உண்மையானது. நழுவிக்கொண்டிருக்கும் பந்தைத் திருப்பினால் அதற்கு வரும் ரத்தக்குழாய் அறுந்துபோகலாம்.

வடிவம் பிறகு கெடுவதும் உண்டு

பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போவதை ஏவிஎன் என்பார்கள். முதலில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்ஆர்ஐயில்தான் தெரியும். பிறகு பந்து சப்பளிந்து, உருண்டை போய், தேய்மானம் தொடங்குகிறது. இந்தியாவில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முக்கியமான காரணம் இது. ஸ்டீராய்டு மாத்திரையை நாள்கணக்கில் விழுங்குவதும் குடியும் பெரிய காரணங்கள். வீசிங்குக்கும் சொறிக்கும் மூட்டுவலிக்கும் பெயர் எழுதாத பொட்டலத்தில் தரப்படும் மாத்திரை எதுவென்று கேட்காமல் சாப்பிடாதீர்கள். நீலகிரி, வயநாடு, அட்டப்பாடி மலைகளில் பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் நோயும் பந்தைச் சாகடிக்கும். இந்தியாவில் அந்த நோய்க்கூறு முதன்முதலாக 1952-ல் நீலகிரியில்தான் பதிவானது. அந்தப் பக்கத்து இளைஞர் கவட்டை வலி என்று வந்தால் ரத்தப் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 4 முதல் 8 வயதில் வரும் பெர்திஸ் நோயிலும் இதே மாதிரி பந்து மெலிந்து மறுபடி வளர்கிறது. வளரும்போது உருண்டையாக வருகிறதா, சப்பையாக வருகிறதா என்பதை வைத்தே பிற்காலத் தேய்மானம்.

வலி எங்கே, எவ்வளவு திரும்புகிறது

இடுப்பு வலி என்று சொன்னால் பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதிக்குத்தான் படம் எழுதுவார்கள். டாக்டரிடம் விரலால் தொட்டுக் காட்டுங்கள். இடுப்பு மூட்டின் வலி கவட்டையில், தொடை சேரும் மடிப்பில் இருக்கும். சிலர் கட்டைவிரலை முன்னாலும் மற்ற விரல்களைப் பின்னாலும் வைத்து இடுப்பின் பக்கவாட்டை அப்படியே கவ்விக் காட்டுவார்கள். அது மூட்டு வலிக்கு நல்ல அடையாளம். கால் நகம் வெட்டக் குனிய முடியாமை, பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியாமை, முன்பு சுகமாக இருந்த சம்மணம் ஒரு பக்கம் மட்டும் இறங்காமல் நிற்பது எல்லாம் அதன் கூட வரும்.

திரும்பும் அளவை வீட்டில் பார்க்கலாம். உயரமான மேசை விளிம்பில், கால் தரையில் படாமல், முட்டு 90 டிகிரி மடங்கியிருக்க உட்காருங்கள். பிட்டம் மேசையை விட்டு எழும்பாமல், தொடை நகராமல், பாதத்தை வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். பாதம் வெளியே போகும்போது தொடை எலும்பு உள்ளே திரும்புகிறது. 30 முதல் 40 டிகிரி வரை போவது சாதாரணம். 20-ஐத் தாண்டவில்லை என்றாலோ, ஒரு பக்கம் மற்றதைவிடத் தெளிவாகக் குறைந்து வலியும் இருந்தாலோ படம் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. சரிவு தெரிய ஃபோனில் உள்ள லெவல் பார்க்கும் வசதியைக் கெண்டைக்காலில் வைத்துப் பார்த்தால் போதும்.

படம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வலிக்கும் பக்கம் மட்டும் எடுத்த படம் உதவாது. இடுப்பெலும்பு முழுசாக, இரண்டு மூட்டும் தெரியும் நேர்ப் படம் வேண்டும். கால்கள் 15 டிகிரி உட்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அதாவது இரண்டு கால் பெருவிரலும் தொட்டுக்கொண்டு. வால் எலும்பின் நுனி, முன்பக்க எலும்புச் சந்துக்கு நேர் மேலே 1 முதல் 3 சென்டிமீட்டர் உயரத்தில் விழுந்தால் இடுப்பு கோணாமல் இருந்தது என்று அர்த்தம். கோணியிருந்தால் கிண்ணத்தின் அளவுகள் எல்லாம் பொய். கேம் புடைப்பு பந்தின் முன்பக்கம் இருப்பதால் நேர்ப் படத்தில் தப்பலாம். இடுப்பை 45 டிகிரி மடக்கி எடுக்கும் டன் படத்தையும் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் "நார்மல்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் எண்கள் வேண்டும். சென்டர் எட்ஜ் கோணம்: பந்தின் மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு, மையத்திலிருந்து கிண்ணத்தின் வெளிவிளிம்புக்கு ஒரு கோடு, இரண்டுக்கும் இடையில் உள்ளது. சுவீடனின் வைபெர்க் 1939-ல் வகுத்தது. 25 முதல் 40 வரை சரி, 20-க்குக் கீழே டிஸ்பிளேசியா, இடையில் உள்ளது எல்லைக்கோடு. கிண்ணக் கூரையின் சரிவைக் காட்டும் டோனிஸ் கோணம் 10-ஐத் தாண்டக் கூடாது. ஆல்ஃபா கோணம் 60-ஐத் தாண்டினால் கேம். மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் குறைந்தால், வடிவத்தைத் திருத்தும் ஆபரேஷன்களுக்கான காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது.

வேலையை விட முடியாதவர்களுக்கு

பெரியவர்களுக்கு வடிவம் மாறாது, பளுவும் கோணமும் மாற்றலாம். இங்கிலாந்தில் 1992-ல் வெளிவந்த ஆய்வில், 10 வருடத்துக்கு மேல் விவசாய வேலை செய்த ஆண்களிடம் இடுப்பு மூட்டுத் தேய்மானம் பல மடங்கு அதிகம் இருந்தது. கனம் தூக்குவதும் கரடுமுரடான தரையில் நடப்பதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஒரு நாளைக்கு 300 மரம் பால் வெட்டுபவரின் வேலை அதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. ஒட்டு மரத்தில் வெட்டு 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி வருடா வருடம் கீழே இறங்குகிறது. அடிமரத்துக்கு வந்ததும் இடுப்பை முழுக்க மடக்கித்தான் வெட்ட முடியும். கேம் உள்ளவருக்கு அதுவே இடிக்கும் கோணம். மரத்துக்கு நேர் எதிரே காலைச் சேர்த்துக் குந்தாமல், பாதங்களைத் தோள் அகலத்துக்கு மேல் அகட்டி, பெருவிரல்களை வெளிப்பக்கம் திருப்பிக் குந்துங்கள். அல்லது வலிக்கும் பக்கத்து முட்டைத் தரையில் ஊன்றுங்கள். அந்த இடுப்பு அப்போது மடங்குவதே இல்லை.

பால் வாளியை, தண்ணீர்க் குடத்தை வலிக்கும் பக்கத்துக் கையிலேயே பிடியுங்கள். மறு கையில் பிடித்தால் வலிக்கும் இடுப்பின் தசைகள் அந்தப் பளுவுக்கு எதிராகக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும், மூட்டின் மேல் விசை ஏறும். கைத்தடிக்கு நேர்மாறு: தடி வலிக்காத பக்கத்துக் கையில், வலிக்கும் காலோடு சேர்ந்து முன்னே போக வேண்டும். நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரம். வீட்டில் தாழ்ந்த நாற்காலியை மாற்றி, முழங்காலைவிட இடுப்பு உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள்.

பிட்டத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சிதான் மருந்தைவிட நம்பத்தக்கது. மல்லாக்கப் படுத்து முட்டை மடக்கி இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது, இரண்டும் 10 தடவை வீதம் 3 சுற்று, வாரத்துக்கு 3 நாள். 12 வாரம் விடாமல் செய்த பிறகுதான் பலனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கேம் உள்ளவர்கள் முட்டை நெஞ்சோடு அணைத்து இழுக்கும் நீட்டலை விடுங்கள். டிஸ்பிளேசியா உள்ளவர்கள் காலைப் பின்னால் எல்லை வரை இழுப்பதை விடுங்கள்.

ஆபரேஷன் பற்றி. கேம் புடைப்பைத் துளை வழியாகச் செதுக்குவது, பயிற்சியைவிட ஓராண்டில் கூடுதல் நிவாரணம் தந்ததாக 2018-ல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. வித்தியாசம் உண்டு, பிரமாதமாக இல்லை. அது பிற்காலத் தேய்மானத்தைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் வரவில்லை. டிஸ்பிளேசியாவுக்கு, கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, பந்தை மூடும்படி திருப்பி ஸ்க்ரூ போடுகிறார்கள். கான்ஸ் 1984-ல் தொடங்கிய முறை. முதலில் செய்யப்பட்டவர்களில் 20 ஆண்டு கழித்து 60 சதவீதம் மூட்டுகள் மாற்றப்படாமல் இருந்தன, 30 ஆண்டில் சுமார் 30 சதவீதம். 40 வயதுக்குள், தேய்மானம் தொடங்குமுன் செய்தவர்களுக்குப் பலன் அதிகம். முற்றிய தேய்மானத்துக்கு மூட்டு மாற்றுதான், அதில் ஏறத்தாழ 58 சதவீதம் 25 ஆண்டு உழைக்கின்றன. கிண்ணம் ஆழமில்லாதவருக்கு மூட்டு மாற்றுவது சாதாரண மூட்டு மாற்றைவிடச் சிக்கல். கிண்ணம் பிடிக்க எலும்பு குறைவு, தொடை எலும்பின் குழாய் குறுகல், கால் நீளம் வேறுபடும். அத்தகைய மூட்டுகளை முன்பு செய்திருக்கிறாரா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு 50 வயதுக்குள் டிஸ்பிளேசியாவால் மூட்டு தேய்ந்தது தெரிந்தால், கவட்டை வலி இருக்கும் அக்கா தங்கைகளுக்கு ஒரு நேர்ப் படம் எடுத்துப் பாருங்கள். அந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு, டிஸ்சார்ஜ் சீட்டிலேயே 6 வார இடுப்பு ஸ்கேனுக்குத் தேதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.